எடை போடாத மூன்று மாதங்கள்

அக்டோபர் 6, திங்கள்

புழுக்கம். மேகம் திரண்டு திரண்டு கலைகிறது. ஒரத்தநாட்டுப் பக்கம் தூறியதாம், இங்கே ஒரு சொட்டு இல்லை.

இன்று எடை போடும் நாள். எங்கள் அங்கன்வாடி எடை மிஷின் ஜூலைக் கடைசியிலேயே படுத்துவிட்டது. பேட்டரி மாற்றியும் கண் திறக்கவில்லை. பக்கத்து ஊர் அங்கன்வாடியில் நல்ல மிஷின் இருக்கிறது, வசந்தி டீச்சரைக் கேட்டால் கொடுப்பார். பஸ்ஸில் போய்த் தூக்கி வரவேண்டும். என் முழங்கால் இருக்கும் லட்சணத்தில் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஆகஸ்டிலும் இதையேதான் சொன்னேன். செப்டம்பரிலும்.

செல்போன் ஆப்பில் எடையைப் பதியாமல் விட்டால் ஆபீஸிலிருந்து போன் வரும். அதனால் வழக்கம்போல, போன மாத எடையோடு ஆளுக்கு இருநூறு கிராம். இருபத்து மூன்று பிள்ளைகள், அரை மணி நேரத்தில் முடிந்தது. தர்ஷினிக்கு மட்டும் நூறு. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறினால் சந்தேகம் வரும் என்று. இந்த மூளையைப் படிக்கிற காலத்தில் செலவழித்திருக்கலாம்.

செய்ய வேண்டியது: கேஸ் புக் பண்ண. கைகழுவும் வாளிக்குக் கைப்பிடி. வைட்டமின் சொட்டு மருந்துப் பட்டியல் நர்ஸம்மாவுக்கு. தைலம்.

முட்டை 23, அவிக்கும்போது இரண்டு வெடித்தது. மதியத் தூக்கத்தில் முகிலன் பாயை நனைத்துவிட்டான். நாலு வயதும் மூன்று மாதமும். போன வருடமே தானாகப் போய் வரப் பழகிய பிள்ளை. பத்து நாளில் இது மூன்றாவது தடவை. பாய் அலசுவது ஆயா மல்லிகாக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர், எனக்கும் சேர்த்து அலுத்துக்கொள்கிறார்.

"பெரிய புள்ள ஆகி இப்புடி நனைச்சா எப்புடிடா சாமி? ஆயாவுக்கு இடுப்பு ஒடியுது பாரு."

அவன் சிரித்தான். நல்ல பிள்ளை. யாரையும் அடிக்க மாட்டான்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். கடைசி நடவு நடக்கிறது, அம்மாக்கள் எல்லாம் வயலில். முகிலனின் அம்மா கவிதா ஆறரைக்கே அவனை மல்லிகாக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனி, மாதம் ஒருமுறை வருவான். மல்லிகாக்கா அவனை ஒரு இடுப்பிலும் பால் பாத்திரத்தை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு வருகிறார்.

பத்து மணிக்குள் நாலு டம்ளர் தண்ணீர் குடித்தான். எண்ணினேன். பாய் நனைவது ஏன் என்று தெரிந்துவிட்டது. புது விதி: முகிலனுக்கு பதினோரு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது. தூங்கி எழுந்த பிறகுதான். மல்லிகாக்காவிடமும் சொல்லியாயிற்று.

சாயங்காலம் கவிதா வந்தபோது அவளிடமும், "ராத்திரியில தண்ணி குடுக்காதேம்மா, பழகிடுவான்" என்றேன்.

"சரிங்க டீச்சர். நீங்க சொன்னா சரிதான்."

அக்டோபர் 8, புதன்

பாய் காய்ந்து கிடந்தது. ஜெயித்துவிட்டேன். மல்லிகாக்கா இரண்டு கையாலும் எனக்குத் திருஷ்டி கழித்தார்.

தூங்குவதற்கு முன்னால் அவன் தண்ணீர் கேட்டு அழுதான். ஐந்து நிமிடம். பிறகு விட்டுவிட்டான்.

அக்டோபர் 9, வியாழன்

பின்பக்கச் சுவரோரம், பிள்ளைகள் ஒன்றுக்குப் போகும் இடத்தில், எறும்பு சாரை சாரையாக. நேற்று ரியாஸ் சத்துமாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே அங்கே போனான், கொட்டியிருப்பான் என்றேன். மல்லிகாக்கா எறும்பு மருந்து தூவினார்.

"எங்க வீட்டுக்காரரு போற எடத்துலயும் இப்புடித்தான் மொய்க்கும். சக்கரை ஒடம்பு."

"இங்க யாருக்கு சக்கரை? ரியாசுக்கா?"

இரண்டு பேரும் சிரித்தோம். ரியாஸுக்கு மூன்று வயது.

முழங்காலுக்குத் தைலம் வாங்க மறந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

ஒன்றிய அலுவலகத்தில் மாதக் கூட்டம். மின்விசிறி நாலில் ஒன்று ஓடியது, அதற்குக் கீழே இடம் பிடிக்கவே முக்கால் மணி நேரம் முன்னால் போனேன். சூப்பர்வைசர் மேடம் ஒவ்வொரு சென்டராக வாசித்தார். எடை குறைந்த பிள்ளைக்குச் சிவப்பு, சரியான எடைக்குப் பச்சை. என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க சென்டர்ல ஒரு சிவப்பு கூட இல்ல. எல்லாம் பச்சை. எப்படிங்க மெயின்டெய்ன் பண்றீங்க? மத்தவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

எழுந்து நின்று, கீரை, முட்டை, அம்மாக்களிடம் பேசுவது என்று ஏதோ சொன்னேன். கைதட்டினார்கள். வசந்தி டீச்சர் மட்டும் தட்டவில்லை, என் மிஷின் படுத்தது அவருக்குத் தெரியும். போண்டா கொடுத்தார்கள். இரண்டு தின்றேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தின்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

முகிலன் பாட்டு நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். முன்பெல்லாம் யானைப் பாட்டுக்கு முதல் ஆளாகத் தும்பிக்கை ஆட்டுவான். முகம் இளைத்து கண் பெரிதாகத் தெரிகிறது. கவிதாவிடம் சொன்னேன்.

"நடவு நேரம் டீச்சர். நான் ஓடுறதுல அவனைச் சரியாக் கவனிக்கல. ஆனா சோறு நல்லாத் தின்னுறான். ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னுறான்."

தின்கிறானே, தேறிவிடுவான் என்று நினைத்தேன். இன்று முதல் அவனுக்கு மட்டும் சத்துமாவு உருண்டை இரண்டு. வெல்லம் கொஞ்சம் கூடவே போட்டுப் பிடித்தேன். என்னால் முடிந்த கவனிப்பு அதுதான்.

வீட்டில் இவர் தீபாவளிக்கு என்ன வாங்குவது என்று கேட்டார். தூக்கம் வாங்கிக் கொடுங்கள் என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

முதல் மழை. கூரையில் பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, அண்டாவை வைத்தோம். பிள்ளைகளுக்கு அந்த டொக் டொக் சத்தம் ஒரே கொண்டாட்டம்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து பார்த்தால், முகிலன் கைகழுவும் வாளியில் முகத்தை விட்டுத் தண்ணீர் குடிக்கிறான். இருபது பேர் கை விட்ட தண்ணீர். எனக்கு வந்த கோபத்தில் கையில் ஒன்று போட்டேன். லேசாகத்தான். அவன் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வாயைத் துடைத்தான்.

பிறகு வயிறு வலிக்கிறது என்றான். அழுக்குத் தண்ணீர், வலிக்கத்தான் செய்யும். ஓமம் வேகவைத்துக் கால் டம்ளர் கொடுத்தேன். கால் டம்ளர்.

முழங்கால் வீக்கம்.

அக்டோபர் 16, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதிவிட வேண்டும். விட்டால் எனக்குச் சாதகமானதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

நேற்று காலை பத்து மணி. மழை. முகிலன் படுத்தே கிடந்தான், படுத்தபடியே நனைத்துவிட்டான். மல்லிகாக்கா அடுப்படியில் இருந்ததால் நானே கால்சட்டை மாற்றினேன். இத்தனை நாள் மாற்றியது அவர்தான். விலா எலும்பு எண்ணலாம். இடுப்பில் அரைஞாண் கயிறு. அதில் முடிச்சு, முடிச்சாக. ஐந்து.

"மல்லிகாக்கா, இது என்ன இத்தனை முடிச்சு?"

"அது கவிதா போட்டது டீச்சர். ஆடிப்பெருக்குக்கு ஆத்தங்கரையில வச்சுக் கட்டுன புதுக்கயிறு. நனைஞ்சு நனைஞ்சு தளந்து போவுதுங்குது. ஆம்பளப் புள்ள இடுப்பு வெறுமையா இருக்கக் கூடாதுன்னு அவுக்காமலே சுருக்கிச் சுருக்கி முடிஞ்சுக்கிட்டு வருது."

கயிறு எங்கே தளர்கிறது? உள்ளே இருக்கும் பிள்ளைதான் குறைந்துகொண்டே வந்திருக்கிறான். அவள் அதற்கு ஒவ்வொரு முடிச்சாகப் போட்டாள். நான் மாதம் இருநூறு கிராம் போட்டேன்.

தூக்கினேன். மூச்சு வேகமாக, ஆழமாக வாங்குகிறான். வாயில் பழுத்த பழத்தின் வாடை. "வாழப்பழம் குடுத்தீங்களா?" என்றேன். இல்லை என்றார் மல்லிகாக்கா. அப்படியே என் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சர். அன்னிக்கு எறும்பு."

அடுத்த நிமிடம் மழையிலேயே வீட்டுக்கு ஓடி, புருஷனின் சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்து வந்தார். குட்டி விரலில் குத்தினோம். எண் வரவில்லை. எச், ஐ என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. மிஷின் ரிப்பேர் என்று நினைத்தோம். என் விரலில் குத்திப் பார்த்தோம், 112 என்று ஒழுங்காகக் காட்டியது. மறுபடி அவன் விரல். மறுபடி அதே இரண்டு எழுத்து.

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், அது ரிப்பேர் இல்ல. மிஷின் எண்ண முடியாத அளவுக்கு சக்கரை இருந்தாத்தான் அப்படி வரும். ஒண்ணும் குடுத்துக்கிட்டு நிக்காதீங்க, உடனே தஞ்சாவூருக்குக் கிளம்புங்க. நான் ஆம்புலன்ஸ் சொல்றேன்."

ரியாஸின் அம்மா வந்து மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். கவிதாவை வயலிலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். முழங்கால் வரை சேறு, அப்படியே வண்டியில் ஏறினாள். பாதி வழியில் முகிலன் கண் விழித்தான். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"தூங்கி எழுந்துட்டேன் டீச்சர். இப்போ தண்ணி தாங்க."

எனக்குத் தாங்கவில்லை. வண்டியில் கூட வந்தவர் கொஞ்சமாக வாயை நனைக்கலாம் என்றார். நனைத்தேன். கவிதாவுக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. புரியவேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன், அதுவும் உண்மை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஊசி, குழாய், ரத்தம் எல்லாம் மளமளவென்று நடந்தது. எடை 12.3. பிறகு வளர்ச்சி அட்டையை வாங்கிப் பார்த்தார். ஜூலை 14.6. ஆகஸ்ட் 14.8. செப்டம்பர் 15. இந்த மாதம் 15.2.

"போன வாரம் 15.2 இருந்திருக்கான். ஒரே வாரத்துல மூணு கிலோ இறங்காதே. வேற ஏதாவது இருக்கான்னு ஸ்கேன் பாக்கணும் போலிருக்கு. இந்த எடை கரெக்ட்தானே?"

கவிதா என் பக்கத்தில் நின்றாள். ஒரு பேச்சு பேசாமல் தலையாட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் இல்லாத வியாதியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

"இல்லம்மா. ஜூலைதான் நிஜம். மத்த மூணும் நானே எழுதினது. எடை போடல. மிஷின் ரிப்பேர்."

டாக்டர் திட்டவில்லை. பேனாவால் அந்த மூன்று எண்களையும் அடித்தார். "தண்ணி நிறையக் குடிச்சானா?" என்றார்.

"குடிச்சான். பாய் நனையுதுன்னு நான்தான் நிறுத்தினேன்."

"எத்தனை நாளா?"

"எட்டு நாள்."

எழுதிக்கொண்டார். கவிதாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவளாக, "பஸ்ஸு போயிடும், நீங்க கிளம்புங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. காலை ஏழு மணிக்கே வசந்தி டீச்சரிடம் போய் மிஷினை வாங்கி வந்தேன். பஸ்ஸில் பதினைந்து நிமிடம். மூன்று மாதமாக என்னால் போக முடியாமல் இருந்தது இந்தப் பதினைந்து நிமிடம்தான். கண்டக்டர் தூக்கி வைத்தார், ஊரில் இறங்கும்போது ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இருபத்து இரண்டு பேருக்கும் போட்டேன். சட்டை கழற்றி, கொலுசு கழற்றி, ஒழுங்காக. மூன்று பேர் நான் எழுதியதைவிடக் குறைவு. அதில் ரியாஸ் மட்டும் கவலைப்படுகிற அளவுக்கு. அவன் அம்மாவிடம் உடனே சொல்லி நர்ஸம்மாவிடம் அனுப்பினேன். தர்ஷினி நான் எழுதியதைவிட அரைக் கிலோ அதிகம். அவளுக்கு நூறு கிராம் போட்ட மகராசி நான்.

சூப்பர்வைசர் மேடத்துக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "இதை ஏங்க என்கிட்ட சொல்றீங்க?" என்றார். பிறகு, "சரி, எழுதிக் குடுங்க" என்றார். எழுதினேன். ஒரு பக்கம் கூட வரவில்லை.

கவிதாவுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. மல்லிகாக்கா செய்ததும் எடுத்தாள். முகிலன் எழுந்து உட்கார்ந்தானாம். உயிருக்குப் பயமில்லையாம். மல்லிகாக்கா அடுப்படியில் போய் அழுதார். நான் கரும்பலகையில் "அ" எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன், அழக்கூட இடம் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தம் மழையில் நமுத்துப் போயிருந்தது. இவர் வாங்கி வந்த அதிரசத்தைத் தொடவில்லை. வெல்ல வாடை பிடிக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்றார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 22, புதன்

தஞ்சாவூர் போனேன். வார்டில் முகிலன் கட்டிலில் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தான். கன்னத்தில் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. "டீச்சர், எனக்கு நாலு ஊசி" என்று விரல் நீட்டிக் காட்டினான். ஒரு நாளைக்கு நாலு, இன்சுலின். வாழ்நாள் முழுக்க. இது யாரும் செய்து வந்தது இல்லை, சில பிள்ளைகளுக்குத் தானாக வருவது என்று நர்ஸ் சொன்னார். முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது என்றும் சொன்னார். கேட்டது நான்தான்.

கவிதா ஊசி போடப் படித்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகுகிறாள். நாற்றுப் பிடித்த கை, நேராகக் குத்துகிறது. நானும் ஓரமாக நின்று விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதை நர்ஸிடம் கற்றுக்கொண்டேன். சர்க்கரை இறங்கினால் என்ன அடையாளம்: வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல். எல்லாம் சின்ன நோட்டில்.

கவிதா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மிஷின் ரிப்பேருன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் எங்கயாச்சும் தூக்கிட்டுப் போய் எடை போட்டிருப்பேனே டீச்சர்?"

போட்டிருப்பாள். அரிசிக் கடைத் தராசிலாவது. பஸ் ஏறினேன்.

அக்டோபர் 29, புதன்

மெமோ வந்தது. ஏழு நாளில் விளக்கம். இவர் யாரையாவது பார்த்துப் பேசட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். இருபத்து நாலு வருட வேலை. பயமாகத்தான் இருக்கிறது.

முகிலன் வீட்டுக்கு வந்துவிட்டானாம். கவிதா இனி சென்டருக்கு அனுப்ப மாட்டாள் என்று தெருவில் பேச்சு. அனுப்பாவிட்டால் அவள் வேலைக்குப் போக முடியாது. களையெடுப்பு தொடங்கிவிட்டது.

செய்ய வேண்டியது: எடை மிஷின் ரிப்பேர், ஒரத்தநாட்டில். கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வாங்க வேண்டும்.

நவம்பர் 3, திங்கள்

மழை விட்டு வெளிச்சம். எடை போடும் நாள். போட்டேன்.

ஒன்பதரைக்கு கவிதா வந்தாள், முகிலனை நடத்திக் கூட்டிக்கொண்டு. கையில் துணிப்பை: சர்க்கரை மிஷின், குளுக்கோஸ் பொட்டலம், தண்ணீர் பாட்டில், ஒரு நாற்பது பக்க நோட்டு. வாசலிலேயே நின்றாள். நான் எழுந்தேன்.

"விரல்ல குத்திப் பாக்க நானும் கத்துக்கிட்டேன் கவிதா. மதியச் சோத்துக்கு முன்னாடி நானே பாத்துடுறேன்."

"வேணாம் டீச்சர். மல்லிகாக்கா பாக்கட்டும். ஊசி போட பதினொன்னே முக்காலுக்கு நானே வயல்லேருந்து வந்துடுவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. முன்பு பேசிய அதே குரல்தான். பையை மல்லிகாக்காவிடம் கொடுத்தாள். நோட்டை மட்டும் எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். அவள் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து தடுமாறும். மல்லிகாக்காவுக்கு அதுவும் வராது.

"எழுதுறதுக்கு எனக்கு வேற ஆளு இல்ல. நீங்கதான் எழுதணும். மிஷின்ல என்ன வருதோ, அதையே எழுதுங்க டீச்சர்."

சரி என்றேன்.

11.40. மல்லிகாக்கா குத்தினார். 187. எழுதினேன்.